கழற்றிய இதயம் எங்கே போனது? சப்போரோ, 1968

மாற்று இதயம் பொருத்தும் அறுவையில் இரண்டு இதயங்கள் இடம் மாறுகின்றன. தானமாக வந்தது உள்ளே போகிறது, நோயாளியின் பழைய இதயம் வெளியே வருகிறது. வெளியே வந்ததைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஃபார்மலினில் போட்டு, சீட்டு ஒட்டி, நோயியல் துறைக்கு அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது. ஜப்பானில் முதன்முதலாக நடந்த இதய மாற்று அறுவையில் அந்தப் பழைய இதயம் பல மாதங்கள் நோயியல் துறைக்கு வந்து சேரவே இல்லை. வந்தபோது அதன் வால்வுகள் வெட்டி எடுக்கப்பட்டிருந்தன.

மூளைச்சாவு என்பது மூளை முழுதும் மீளாமல் செயலிழந்த பிறகும் கருவியின் உதவியால் இதயம் துடித்துக்கொண்டிருக்கும் நிலை. அதன் அறச்சிக்கல்களைப் பேசும்போது பெரும்பாலும் அமெரிக்க வழக்குகளைத்தான் எடுத்துக்கொள்கிறோம். ஐசியூவில் என்னோடு வேலை பார்க்கும் ஜூனியர்களுக்கு நான் சொல்வது இந்த ஜப்பானிய நிகழ்வை. ஒரே ஒரு இரவு நடந்த காரியம் ஒரு நாட்டில் மூளைச்சாவுக்குப் பிறகான உறுப்பு தானத்தையே முப்பது வருடம் முடக்கிப் போட்டது எப்படி என்று இதைப் போலக் காட்டும் வழக்கு வேறு இல்லை. அறுவை செய்தவர் பெயர் ஜூரோ வாடா. தமிழில் எழுதினால் யாரையோ உரிமையோடு கூப்பிடுவது போலத்தான் இருக்கிறது, என்ன செய்வது.

அந்த இரவு

1968 ஆகஸ்ட் 7. ஹொக்கைடோ தீவில் ஒடாரு நகரத்தை ஒட்டிய கடற்கரையில் குளிக்கப்போன 21 வயதுக் கல்லூரி மாணவர் பகல் வேளையில் நீரில் மூழ்கினார். கரைக்குக் கொண்டுவந்து, ஆம்புலன்ஸில் ஏற்றி, முதலில் ஒடாருவில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். அங்கே அவருக்கு மூச்சு திரும்பியிருந்தது என்று பின்னாளில் சொல்லப்பட்டது. மாலையில் அவரைச் சப்போரோ மருத்துவக் கல்லூரிக்கு மாற்றினார்கள். சொன்ன காரணம், உயர் அழுத்த ஆக்சிஜன் சிகிச்சை. அந்த வசதி வாடாவின் பிரிவில் இருந்தது. அந்தச் சிகிச்சை தரப்படவே இல்லை என்பது பிறகு எழுந்த குற்றச்சாட்டுகளில் முக்கியமான ஒன்று.

அதே மருத்துவமனையில் 18 வயது இளைஞர் ஒருவர் இதய வால்வு நோயோடு படுத்திருந்தார். அன்றிரவு மாணவரின் பெற்றோரிடம் சம்மதம் வாங்கினார்கள். விடிவதற்குள், 8ஆம் தேதி அதிகாலையில், மாணவரின் இதயம் அந்த இளைஞரின் மார்புக்குள் இருந்தது. ஜப்பானில் முதல் இதய மாற்று. உலகத்தில் 30ஆவது.

வாடாவை ஏதோ பெயரெடுக்கத் துடித்த அரைகுறை என்று நினைத்துவிடக் கூடாது. அவருக்கு அப்போது 46 வயது. அமெரிக்காவில், மினசோட்டாவில் பயிற்சி பெற்றவர். அவர் பெயரிலேயே ஒரு செயற்கை இதய வால்வு புழக்கத்தில் இருந்தது. இந்தக் கடைசித் தகவலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

காலமும் அப்படிப்பட்டது. 1967 டிசம்பர் 3ஆம் தேதி கேப் டவுனில் கிறிஸ்டியன் பர்னார்ட் உலகின் முதல் இதய மாற்றைச் செய்தார். நோயாளி 18 நாள்தான் உயிரோடு இருந்தார். ஆனால் பர்னார்டின் முகம் எல்லா நாட்டுப் பத்திரிகையிலும் வந்தது. அடுத்த பிப்ரவரியில் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் பி.கே. சென் செய்து பார்த்தார், அவருடைய நோயாளி மூன்று மணி நேரம் தாக்குப்பிடித்தார். அந்த ஒரே வருடத்தில் உலகெங்கும் சுமார் நூறு பேருக்கு இதயம் மாற்றினார்கள். பெரும்பாலோர் சில வாரங்களில் இறந்தார்கள். உடல் புது உறுப்பைத் தள்ளிவிடாமல் அடக்கி வைக்க நல்ல மருந்து அப்போது இல்லை. சைக்ளோஸ்போரின் வருவதற்கு இன்னும் பத்து வருடத்துக்கு மேல் ஆகும். கை வேகமாகப் பழகிவிட்டது, மருந்து பின்தங்கி இருந்தது.

83 நாள்

முதலில் நாடே கொண்டாடியது. போர் முடிந்து 23 வருடத்தில் ஜப்பானிய மருத்துவம் உலக வரிசையில் வந்து நிற்கிறது என்ற பெருமை. இளைஞரின் உடல்நிலை தினசரிச் செய்தியானது. அக்டோபர் 29ஆம் தேதி, 83ஆம் நாள், அவர் இறந்தார்.

அதற்குப் பிறகுதான் கேள்விகள் வாய்விட்டுக் கேட்கப்பட்டன. டிசம்பரில் ஒசாகாவைச் சேர்ந்த மூலிகை வைத்தியர் ஒருவரும் அவரோடு சிலரும் வாடா மீது குற்றப் புகார் கொடுத்தார்கள். மாணவர் விஷயத்தில் கொலை, இளைஞர் விஷயத்தில் கவனக்குறைவால் விளைந்த மரணம். ஒரு அறுவைக்கு இரண்டு சாவுக் குற்றச்சாட்டு.

இரண்டாவதிலிருந்து தொடங்குகிறேன். அதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அந்த இளைஞருக்கு இதயமே மாற்ற வேண்டியிருந்ததா? அதே கல்லூரியின் உள்மருத்துவத் துறைப் பேராசிரியர், நோயாளியை அறுவைப் பிரிவுக்குத் தாம் அனுப்பியது வால்வு மாற்றுவதற்குத்தான் என்று பிறகு வெளிப்படையாகவே எழுதினார். வாடா தரப்போ பல வால்வுகள் கெட்டுப்போய், இதயத் தசையும் தளர்ந்து, வேறு வழியில்லாத நிலை என்றது.

சரி, இதைத் தீர்ப்பது கஷ்டமே இல்லை. வெளியே எடுத்த இதயத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். அங்கேதான் நான் தொடக்கத்தில் சொன்ன சங்கதி வருகிறது. இதயம் நோயியல் துறைக்கு மாதக்கணக்கில் போகவில்லை. போனபோது வால்வுகள் தனியாக வெட்டி எடுக்கப்பட்டிருந்தன. அதிலும் ஒரு வால்வு அந்த இதயத்தோடு பொருந்தவில்லை, வேறு யாருடையதோ என்ற சந்தேகம் கிளம்பியது. வால்வு நோயாளி ஒருவர், உலகம் அறிந்த வால்வு நிபுணர் ஒருவர், ஆனால் சாட்சிப் பொருளில் வால்வு அதன் இடத்தில் இல்லை. இதை யோசித்து எழுதினால் மிகையாக இருக்கிறது என்று எந்த ஆசிரியரும் வெட்டிவிடுவார்.

1970இல் அரசு வழக்குத்துறை போதிய சாட்சியம் இல்லை என்று வழக்கைக் கைவிட்டது. வாடா குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. தாம் செய்தது சரி என்றே கடைசி வரை சொன்ன அவர் 2011இல் இறந்தார். குற்றம் நிரூபிக்கப்படாததும் குற்றமற்றவர் என்று நிறுவப்படாததும் ஒரே காரணத்தால்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். எதையும் சரிபார்க்க எதுவும் மிச்சமில்லை.

கடிகாரத்தை வைத்துக் கணக்குப் போட்டால்

இப்போது மாணவருக்கு வருவோம். அவர் இறந்துவிட்டார் என்று எதை வைத்து முடிவு செய்தார்கள்?

சப்போரோ அறுவைக்குச் சரியாக மூன்று நாள் முன்னால், 1968 ஆகஸ்ட் 5 தேதியிட்ட அமெரிக்க மருத்துவச் சங்க இதழில், ஹார்வர்டு குழுவின் அறிக்கை வெளியானது. மயக்கவியல் மருத்துவர் ஹென்றி பீச்சர் தலைமையிலான குழு. மூளைச்சாவு என்பதற்கு உலகம் ஏற்றுக்கொண்ட முதல் அளவுகோல் அதுதான். எந்தத் தூண்டலுக்கும் பதில் இருக்கக் கூடாது. சுவாசக் கருவியை மூன்று நிமிடம் நிறுத்தினாலும் தானாக மூச்சு வரக் கூடாது. கண்மணி வெளிச்சத்துக்குச் சுருங்கக் கூடாது. மூளை அலைப் பதிவு தட்டைக் கோடாக இருந்தால் அது கூடுதல் உறுதி. உடல் வெப்பம் 32.2 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போயிருந்தால் இந்தச் சோதனை செல்லாது, மூளையை மந்தமாக்கும் மருந்து உடலில் இருந்தாலும் செல்லாது. இத்தனையையும் 24 மணி நேரம் கழித்து மறுபடி செய்து, மாற்றம் இல்லை என்று பார்க்க வேண்டும்.

24 மணி நேரம். மாணவர் 7ஆம் தேதி பகலில் மூழ்கினார், 8ஆம் தேதி அதிகாலை இதயம் எடுக்கப்பட்டது. விரல் விட்டு எண்ணினாலே போதும். மறுசோதனைக்கு நேரமே இருந்திருக்காது. நீரில் மூழ்கியவர் என்பதால் உடல் குளிர்ந்திருக்குமா என்ற கேள்வி தனியாக இருக்கிறது. குளிர்ந்த மூளை செத்த மூளை போல நடிக்கும். ஐசியூவில் முதல் வருடத்திலேயே இதைச் சொல்லித் தருகிறோம்: சூடாக்கு, அப்புறம் பார். மூளை அலைப் பதிவு எதையும் வாடா தரப்பு விசாரணையில் காட்ட முடியவில்லை.

நியாயமாகப் பார்த்தால் ஒன்று சொல்லியாக வேண்டும். பாஸ்டனில் எழுதிய அறிக்கை மூன்று நாளில் சப்போரோவுக்குத் தபாலில் வந்திருக்காது. ஜப்பானில் அப்போது அளவுகோலே கிடையாது. அங்குள்ள மூளை அலை ஆய்வாளர்கள் சங்கம் 1974இல்தான் ஒன்றை வெளியிட்டது. அதுவும் மூளையிலேயே நேரடியாக அடிபட்ட, ரத்தம் கசிந்த நோயாளிகளுக்கு மட்டும். மூழ்கி மூச்சுத் திணறியவர்கள் அந்தக் கணக்கில் வரவில்லை. ஆக, வாடா எந்த விதியையும் மீறவில்லை என்று வாதாடலாம், மீறுவதற்கு விதி இருக்கவில்லை. நான் அந்த வாதத்தை ஏற்கவில்லை. எழுதிய விதி இல்லாத இடத்தில் நாம் என்ன செய்கிறோம் என்பதைக் குறித்து வைக்கும் பொறுப்பு கூடுகிறதே தவிரக் குறைவதில்லை.

அதே ஆகஸ்ட் மாதத்தில் சிட்னியில் கூடிய உலக மருத்துவப் பேரவை இன்னொரு பாதுகாப்பையும் எழுதி வைத்தது. சாவைத் தீர்மானிப்பவர்கள் இரண்டு பேராவது இருக்க வேண்டும், அவர்களுக்கும் உறுப்பு மாற்று அறுவைக்கும் நேரடித் தொடர்பு இருக்கக் கூடாது. வாடா நிகழ்வில் ஆழமாகப் புரையோடிய இடம் இதுதான் என்பது என் எண்ணம். காப்பாற்ற என்று மாணவரை வாங்கியதும் வாடாவின் பிரிவு. இதயத்துக்காகக் காத்திருந்த நோயாளி படுத்திருந்ததும் அவர் பிரிவில்தான். சாவு உறுதியான விதத்துக்கும் அவர்கள் சொல்தான் சாட்சி. இதயத்தை எடுத்ததும் அவர்கள். ஒரே கையில் தராசும் சரக்கும் இருந்தால், எடை சரியாகவே இருந்தாலும் யார் நம்புவார்?

அந்தக் காலத்தில் இது ஜப்பானுக்கு மட்டும் உரிய நோயும் இல்லை. அதே வருடம் மே மாதம் அமெரிக்காவில், வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்டில், தலையில் அடிபட்ட கறுப்பினத் தொழிலாளி ஒருவரின் இதயத்தை, உறவினர் யாரும் கிடைக்கவில்லை என்று சொல்லி எடுத்தார்கள். அவருடைய அண்ணன்தம்பி ஒருவர் சற்றுத் தூரத்தில் செருப்புத் தைக்கும் கடை வைத்திருந்தார். அவருடைய முகவரி அட்டை அடிபட்டவரின் பையிலேயே இருந்தது. வழக்கு போனது. 1972இல் நடுவர் குழு மருத்துவர்கள் பக்கம் தீர்ப்பு சொன்னது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

இதையெல்லாம் காகிதத்தில் படிப்பது வேறு, கட்டில் பக்கத்தில் நிற்பது வேறு.

எங்கள் ஐசியூவில் அப்னியா சோதனை, அதாவது தானாக மூச்சு வருகிறதா என்று பார்க்கும் சோதனை, செய்யும்போது முதலில் நூறு சதவீத ஆக்சிஜன் கொடுத்து ரத்தத்தை நிரப்பிக்கொள்வோம். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு என்று பார்த்துக் குறித்துக்கொள்வோம். அப்புறம் வென்டிலேட்டர் குழாயைக் கழற்றுவோம். மூச்சுக்குழாய்க்குள் மெல்லிய குழாய் ஒன்றை விட்டு ஆக்சிஜன் மட்டும் போய்க்கொண்டிருக்கும், அதனால் இதயம் துடித்துக்கொண்டே இருக்கும். போர்வையை இடுப்பு வரை இறக்கிவிட்டு நெஞ்சையும் வயிற்றையும் பார்த்தபடி நிற்க வேண்டும். எட்டு நிமிடம், பத்து நிமிடம். யாரும் பேச மாட்டார்கள். வேறு நேரத்தில் பத்து நிமிடம் ஒரு டீக்குக்கூடப் போதாது, அந்தப் பத்து நிமிடம் நகரவே நகராது. கார்பன் டை ஆக்சைடு பாதரச அளவில் 60 மில்லிமீட்டரைத் தாண்டினால், மூச்சை இயக்கும் மூளைத்தண்டில் துளி உயிர் இருந்தாலும் அது ‘மூச்சு விடு’ என்று அலறியிருக்கும். அலறவில்லை என்றால் குறித்துக்கொண்டு, குழாயை மாட்டுவோம். ஆறு மணி நேரம் கழித்து மறுபடி முழுதும்.

ஒரு தடவை சோதனை முடிந்து நான் வெளியே வந்ததும் அந்தப் பையனின் அம்மா கேட்டார்: “தம்பி, கை சூடா இருக்கே. தொட்டுப் பாத்தேனே. நெஞ்சு ஏறி இறங்குதே. எப்படிச் செத்துட்டான்னு சொல்றீங்க?”

“அந்த மூச்சு மிஷின் விடுறதும்மா” என்றேன்.

“சூடு?”

அதற்கு என்னிடம் சுருக்கமான பதில் இல்லை. இன்றும் இல்லை. மூளைச்சாவு அடைந்த உடலில் புண் ஆறும், உணவு செரிக்கும். கர்ப்பிணியாக இருந்தால் கருவும் கொஞ்ச காலம் வளரும். முறையாகச் சோதித்து மூளைச்சாவு என்று உறுதி செய்தவர் திரும்பி எழுந்து வந்ததில்லை, இதில் எனக்குத் துளியும் சந்தேகம் கிடையாது. ஆனால் ‘திரும்பி வரமாட்டார்’ என்பதும் ‘இறந்துவிட்டார்’ என்பதும் ஒன்றுதானா என்பது மருத்துவம் மட்டும் முடிவு செய்யக்கூடிய கேள்வி இல்லை. அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஆலன் ஷூமன் 1998இல், மூளைச்சாவுக்குப் பிறகும் வாரக்கணக்கில், மாதக்கணக்கில், ஒருவர் விஷயத்தில் வருடக்கணக்கில் உடல் இயங்கிக்கொண்டிருந்த நிகழ்வுகளைத் தொகுத்துக் காட்டினார். முதலில் மூளைச்சாவை ஆதரித்தவர் அவர், பிறகு மாறினார். ஹார்வர்டு அறிக்கையே தன் நோக்கத்தை மறைக்கவில்லை. பழைய சாவு அளவுகோல் உறுப்பு எடுப்பதில் சர்ச்சையைக் கிளப்புகிறது என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது.

நான் மூளைச்சாவைச் சாவு என்று ஏற்கிறவன், உறுப்பு தான அட்டை வைத்திருக்கிறவன். ஆனால் அது இயற்கை போட்ட கோடு என்று சொல்ல மாட்டேன். மனிதர்கள் யோசித்து, ஒத்துக்கொண்டு போட்ட கோடு. அதனால்தான் அதை யார், எப்படி, யார் கண் முன்னால் போடுகிறார்கள் என்பது முக்கியமாகிறது.

பண்பாட்டின் மேல் பழி

வாடா நிகழ்வுக்குப் பிறகு ஜப்பானில் மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து இதயம் எடுப்பது அப்படியே நின்றது. சட்டம் தடை செய்யவில்லை, எந்த அறுவை மருத்துவருக்கும் துணிவில்லை. 1984இல் ட்சுகுபா பல்கலைக்கழகத்தில் மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து கணையமும் சிறுநீரகமும் எடுத்தபோது அதற்கும் கொலைப் புகார் வந்தது. 1985இல் சுகாதார அமைச்சகத்தின் குழு புது அளவுகோல் தந்தது. 1992இல் அரசு அமைத்த ஆணையம் மூளைச்சாவை ஏற்கலாம் என்றது. உறுப்பினர்களில் சிலர் ஏற்க மறுத்துத் தனிக் கருத்தையும் அதே அறிக்கையில் பதிவு செய்தார்கள்.

இத்தனை வருட முடக்கத்துக்கு வெளியில் சொல்லப்படும் காரணம் ஜப்பானியப் பண்பாடு. உடல் முழுதாக இருக்க வேண்டும் என்பார்கள், ஷின்டோ மதத்தின் தீட்டு என்பார்கள், பௌத்தம் என்பார்கள், முன்னோர் வழிபாடு என்பார்கள். கேட்கவும் நன்றாக இருக்கும். எனக்கு இதில் பாதிக்கு மேல் நம்பிக்கையில்லை.

உடலைக் கீறுவதே ஆகாது என்றால், உயிரோடு இருக்கும் தாய்தந்தையின் கல்லீரலை வெட்டிக் குழந்தைக்கு வைப்பது எப்படி அங்கே வளர்ந்தது? 1989இல் ஷிமானேயில் தொடங்கி, கியோட்டோவில் பெருகி, உயிருள்ளவர் தரும் கல்லீரல் மாற்றில் உலகத்துக்கே பாடம் எடுத்த நாடு ஜப்பான். இதயம் நின்ற பிறகு சிறுநீரகமும் கண்ணும் தருவதை 1979ஆம் வருடச் சட்டம் ஏற்றது, குடும்பங்கள் தரவும் செய்தன. பக்கத்துத் தைவானில் உடல் முழுதாகப் போக வேண்டும் என்ற நம்பிக்கை கொஞ்சமும் குறைந்ததில்லை. அங்கே 1987இலேயே மூளைச்சாவை ஏற்ற சட்டம் வந்துவிட்டது. தைவானுக்கும் ஜப்பானுக்கும் இடையில் ஒரு பெரிய வேறுபாடு, தைவானில் ஒரு சப்போரோ நடக்கவில்லை.

பண்பாட்டின் மேல் பழியைப் போடுவது எல்லோருக்கும் வசதி. மருத்துவர்கள் ‘மக்கள் தயாராக இல்லை’ என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். பதிவேடு ஏன் இல்லை, இதயம் எங்கே போனது என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. விலை கொடுத்தவர்கள் நோயாளிகள். இதயம் வேண்டியவர்களின் குடும்பங்கள் தெருவில் உண்டியல் ஏந்தி, கோடிக்கணக்கில் யென் சேர்த்து, பிள்ளைகளை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். பணம் சேர்வதற்குள் இறந்த பிள்ளைகளும் உண்டு.

நம் நாட்டுக் கதை வேறு வழியில் போனது. 1994ஆம் வருட உறுப்பு மாற்றுச் சட்டம் வந்தபோது பேச்செல்லாம் சிறுநீரக வியாபாரத்தைப் பற்றித்தான். சென்னையில் வில்லிவாக்கத்துக்கு ‘கிட்னிவாக்கம்’ என்று பெயர் வைத்திருந்த காலம் அது. அந்த வியாபாரத்தைத் தடுக்க வந்த சட்டத்துக்குள் மூளைத்தண்டுச் சாவும் சத்தமில்லாமல் நுழைந்தது. நான்கு மருத்துவர் கையெழுத்து, ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு சோதனை, உறுப்பு மாற்றுக் குழுவில் இருப்பவர் அந்த நால்வரில் இருக்கக் கூடாது. அதற்கு அப்புறமும் பல வருடம் தானம் சொற்பம்தான். 2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த மருத்துவத் தம்பதி விபத்தில் மூளைச்சாவு அடைந்த தங்கள் மகனின் உறுப்புகளைத் தந்தார்கள். இதயம் போகச் சென்னைச் சாலைகளைப் போலீஸ் ஒதுக்கிக் கொடுத்ததைத் தமிழ்நாடே பார்த்தது. அதன் பிறகுதான் சராசரிக் குடும்பங்கள் அந்தப் படிவத்தைக் கையில் வாங்க ஆரம்பித்தன. மூளைச்சாவு என்றால் என்ன என்று நன்றாகத் தெரிந்த இரண்டு பேர், தங்கள் பிள்ளைக்கே அது வந்தபோது அதை நம்பினார்கள். ஊர் பார்த்தது அதைத்தான்.

இரண்டு விதமான சாவு

ஜப்பானிய நாடாளுமன்றம் 1997இல் ஒருவழியாக உறுப்பு மாற்றுச் சட்டம் போட்டது. அக்டோபர் 16ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. உலகத்தில் இப்படி ஒரு சட்டம் நான் பார்த்ததில்லை. மூளைச்சாவு பொதுவாகச் சாவு இல்லை. தானம் தருவேன், மூளைச்சாவுச் சோதனையையும் ஏற்கிறேன் என்று நீங்கள் உயிரோடு இருக்கும்போதே எழுதி வைத்து, குடும்பமும் மறுக்காவிட்டால், உங்களுக்கு மட்டும் அது சாவு. பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் ஒரே நிலையில் இருவர் கிடந்தால், அட்டை வைத்திருப்பவர் பிணம், வைத்திராதவர் நோயாளி. 15 வயதுக்குக் கீழே யாரும் எழுதி வைக்க முடியாது என்பதால் குழந்தைக்கு வேண்டிய சின்ன இதயம் உள்நாட்டில் கிடைக்க வழியே இல்லை.

தத்துவ ஆசிரியர்கள் இந்தச் சட்டத்தைக் கேலி செய்தார்கள். தர்க்கத்தில் அது ஓட்டைதான். ஆனால் சப்போரோவைப் பார்த்த ஒரு நாடு வேறு எப்படித் தொடங்கியிருக்கும்? ‘உன் சாவை நீயே தேர்ந்துகொள்’ என்று சொன்னால்தான், யாரோ ஒரு பேராசிரியர் தனக்காகத் தேர்ந்துவிடுவார் என்ற பயம் போகும். அந்தச் சட்டத்தின் கீழ் சுமார் பதின்மூன்று வருடத்தில் கிடைத்தது 86 பேருடைய தானம். 2009இல் திருத்தி, 2010 ஜூலை முதல் குடும்பத்தின் சம்மதம் மட்டும் இருந்தாலே போதும் என்று ஆக்கினார்கள், குழந்தைகளுக்கும் வழி பிறந்தது. எண்ணிக்கை ஏறியது, ஆனாலும் பணக்கார நாடுகளில் ஜப்பான் இன்னும் கடைசி வரிசையில்தான்.

இந்தச் சட்டத்தின் முதல் சோதனை 1999 பிப்ரவரியில் வந்தது. ஷிகோகு தீவில் ஒரு கோச்சி இருக்கிறது, நம் கொச்சி இல்லை. அங்குள்ள செஞ்சிலுவை மருத்துவமனையில் மூளையில் ரத்தக் கசிவோடு வந்த நடுத்தர வயதுப் பெண் ஒருவர், பையில் தான அட்டை. செய்தி கசிந்தது. நோயாளி இறக்கும் முன்பே தொலைக்காட்சி கேமராக்கள் மருத்துவமனை வாசலில் வந்து நின்றன. குடும்பம் நொந்துபோனது, அது தனி அநியாயம்.

சட்டப்படியான சோதனையைத் தொடங்கினார்கள். மூளை அலைப் பதிவு கருவி காகிதத்தில் கோடு இழுத்தது. கோடு முழுத் தட்டையாக இல்லை. முப்பது வருடமாக நாடே காத்திருந்த தானம், வாசலில் கேமரா, ஒசாகாவில் இதயத்துக்காக நோயாளி. மருத்துவர்கள் சோதனையை நிறுத்தினார்கள். அந்தப் பெண்ணுக்கு மறுபடி சிகிச்சையைத் தொடர்ந்தார்கள்.

ஜூனியர்களிடம் நான் இந்த இடத்தில் நிறுத்திவிட்டுக் கேட்பேன்: அன்றைக்கு அந்த அறையில் நீ இருந்திருந்தால், அந்தச் சின்ன அசைவைக் கருவியின் இரைச்சல் என்று எழுதியிருப்பாயா? யாரும் உடனே பதில் சொல்வதில்லை. ஒருத்தி மட்டும் ஒரு தடவை, “என் சீனியர் யாருங்கிறதைப் பொறுத்தது சார்” என்றாள். அதைவிட உண்மையான பதிலை நான் இன்னும் கேட்கவில்லை.

பிறகு மீண்டும் சோதித்தார்கள், இடைவெளி விட்டு இன்னொரு முறை. பிப்ரவரி 28 அதிகாலையில் மரணம் அறிவிக்கப்பட்டது. இதயம் வான்வழியே ஒசாகாவுக்குப் போனது. மரணத்தை அறிவித்தவர்களில் ஒருவர்கூட அதனோடு போகவில்லை.